திருட்டுச் சிரிப்புக்கு இரண்டாம் பாகம் ஏன் எடுபடுவதில்லை?

பெருந்துறையிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: “சூது கவ்வும் எனக்கு உயிர். அதை நம்பி இரண்டாம் பாகம் பார்க்கப் போய் நொந்துபோய் வந்தேன். நாய் சேகர் ரிட்டர்ன்ஸ், தலைநகரம் 2 எல்லாம் இதே கதைதான். கடத்தல், திருட்டு, ரவுடித்தனம் இதையெல்லாம் வைத்துச் சிரிக்க வைக்கிற படங்களுக்குப் பார்ட் டூ எடுத்தால் ஏன் பெரும்பாலும் சொதப்புகிறது? தேறின படம் ஏதாவது இருக்கிறதா?”

தம்பி, ஈரோட்டில் தியேட்டர் நிர்வாகத்தில் ரொம்ப வருடம் இருந்தவன் நான். படம் ஓடும்போது பின்பக்கக் கதவோரம் நின்று, திரையை விட ஜனங்களைத்தான் அதிகம் பார்ப்பேன். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே சீட்டில் நெளிகிறார்கள், எந்தக் காட்சியில் செல்போன் வெளிச்சம் தெரிய ஆரம்பிக்கிறது என்பதெல்லாம் அங்கே நின்றால் புரிந்துவிடும். அதை வைத்தும், இந்த வகைப் படங்கள் மேல் எனக்கிருக்கிற பிரியத்தை வைத்தும் சொல்கிறேன்.

குற்றம் செய்யத் தெரியாத ஒருத்தன், வேறு வழியில்லாமல், முழுச் சிரத்தையோடு குற்றம் செய்யக் கிளம்புகிறான். இந்தப் படங்களின் சிரிப்பு மொத்தமும் அங்கிருந்துதான் வருகிறது. அவனுக்குத் தொழில் தெரியாது, ஆனால் காசு வேண்டும். தான் வேடிக்கையாக நடந்துகொள்கிறோம் என்பதும் அவனுக்குத் தெரியாது. மாட்டினால் அடி விழும், உயிரே போகலாம் என்ற பயமும் கூடவே இருக்கும். முதல் பாகம் முடியும்போது இந்தத் தெரியாமையும் தேவையும் பயமும் பெரும்பாலும் செலவாகிவிடும். ஆள் தொழில் கற்றிருப்பான், காசு பார்த்திருப்பான், தப்பித்தும் இருப்பான். அதற்குமேல் அவனை இழுத்து வந்து நிறுத்தினால், பாவு தீர்ந்த தறியில் நாடா மட்டும் ஓடுகிற மாதிரிதான். சத்தம் கேட்கும், துணி வராது.

சூது கவ்வும் 2013 மே 1-ல் வந்தது. கலைஞர் டி.வி.யின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்து வந்த நலன் குமரசாமிக்கு அது முதல் படம். விஜய் சேதுபதியும் அப்போது இன்றைய உயரத்தில் இல்லை. படத்தில் அவர் நடித்த தாஸ் செய்யும் முதல் கடத்தலே சொதப்பல். ஆனால் அவனிடம் ஐந்து விதிகள் இருக்கின்றன, அவற்றை வேதம் மாதிரி சொல்வான். அதிகாரம் இருக்கிற இடத்தில் கை வைக்கக்கூடாது என்பது அதில் தலையாயது. அவனோடு சேருகிற மூன்று பேரையும் பாருங்கள். ஒருத்தன் ஹோட்டலுக்கு வந்தவர் காரை எடுத்து ஓட்டிப் பார்த்து வேலையை விட்டவன். ஒருத்தன் பெண் விவகாரத்தில் ஐ.டி. வேலையைத் தொலைத்தவன். இன்னொருத்தன் நயன்தாராவுக்குக் கோயில் கட்டி ஊரை விட்டுத் துரத்தப்பட்டவன். மூன்று பேருக்குமே நாளைக்குச் சோறு வேண்டும். அந்த நெருக்கடி நிஜமாக இருப்பதால்தான் தாஸின் விதிகளை அவர்கள் நோட்டுப் புத்தகம் போட்டுப் படிக்கிற மாணவர்கள் போலக் கேட்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. அவர்கள் யாரும் அங்கே சிரிப்பதில்லை.

தாஸுக்கு ஒரு கற்பனைக் காதலி உண்டு. அந்த விஷயத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், இரண்டாம் பாகம் சறுக்கிய இடத்தை அது நன்றாகக் காட்டும். ஷாலு தாஸின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறவள். வேன் விபத்தில் அவள் ‘செத்துப்போகிறாள்’. தாஸ் நிஜமாகவே உடைந்துபோகிறான். பக்கத்தில் இருப்பவர்களுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. இல்லாத ஒரு பெண்ணுக்காக ஒரு மனிதன் துக்கம் காக்கிறான், படமும் அவன் துக்கத்தைக் கேலி செய்யவில்லை. தியேட்டரில் அந்த இடத்தில் சிரிப்பும் வரும், கூடவே ‘ச்சே பாவம்’ என்ற ஒரு முனகலும் வரும். இரண்டும் ஒட்டுக்கா வருகிற காட்சியை எழுதுவது லேசான வேலை இல்லை.

2024 டிசம்பர் 13-ல் வந்த இரண்டாம் பாகத்தை எஸ்.ஜே. அர்ஜுன் இயக்கினார். சிவா நாயகன். மறுபடியும் கடத்தல், மறுபடியும் கற்பனைக் காதலி, மறுபடியும் கருணாகரன் நடித்த அமைச்சர் மகன் அருமைப் பிரகாசம். பொருளெல்லாம் அதே பொருள்தான். ஆனால் முதல் படத்தில் ஷாலு ஒரு மனிதனின் தனிமையிலிருந்து வந்தவள். இரண்டாவதில் அந்த இடத்தில் இருப்பவள் முதல் படத்திலிருந்து வந்தவள். அந்த வித்தியாசத்தைப் பார்க்கிறவன் உடனே உணர்ந்துவிடுகிறான், வாயால் சொல்லத் தெரியாவிட்டாலும்.

சிவாவை நான் குறை சொல்லவில்லை. 2010-ல் வந்த ‘தமிழ்ப் படம்’ என்ற பகடிப் படத்தை அவருடைய அந்தத் தெனாவட்டுத்தான் தூக்கி நிறுத்தியது. ‘இது கிண்டல், உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்’ என்று பார்ப்பவரோடு ஒரு உடன்படிக்கை போட்டுக்கொண்டு நடிப்பவர் அவர். பகடிப் படத்துக்கு அது வரம். கடத்தல்காரன் வேடத்துக்கு அதுவே எதிரி. தான் வேடிக்கையானவன் என்று தாஸுக்குத் தெரியவே தெரியாது. இந்தப் படத்தின் நாயகனுக்கு முதல் காட்சியிலிருந்தே தெரிந்திருக்கிறது. அதோடு, அருமைப் பிரகாசம் அரசியலுக்குள் போய்ச் சேர்வதுதான் முதல் படத்தின் கடைசி அடி. நேர்மையான அமைச்சருடைய களவாணி மகன் நாற்காலிக்கு வந்துவிட்டான் என்று அங்கேயே கதையை மூடிவிட்டார்கள். மூடின கதவை மறுபடி திறந்து உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டப் போனால், நாமே மனதுக்குள் கற்பனை செய்து வைத்திருந்ததை விடப் பெரிதாக ஏதாவது இருந்தாக வேண்டும். இல்லை. படம் பார்த்துவிட்டு வந்த எங்கள் வீதிப் பெரியவர் ஒருத்தர் சொன்னார்: “ஏனுங், பழசே நெம்ப நல்லாருந்துச்சுங். எதுக்குங் அதைப் போயி...” அவர் முடிக்கவில்லை, முடிக்கத் தேவையும் இல்லை.

தலைநகரம் விவகாரம் இன்னும் வருத்தமானது. 2006-ல் சுராஜ் இயக்கிய படம் அது. சுந்தர் சி. நாயகன், வடிவேலு நாய் சேகர். போலீஸ் வண்டியில் ஏறி, தானும் ரவுடிதான் என்று ஊருக்கே அறிவித்துக்கொண்டு அவர் போகிற காட்சி தமிழ்நாட்டில் யாருக்குத்தான் தெரியாது? அந்த வசனத்திலிருந்தே 2015-ல் ஒரு படத்துக்குத் தலைப்பு வைத்தார்கள். அந்தக் காட்சி ஏன் அப்படி நிற்கிறது? அதே படத்தில் நிஜமான ரவுடிகள் இருக்கிறார்கள், நிஜமாகவே வெட்டுகிறார்கள். கத்திக்கு நடுவில் ஒருத்தன் ரவுடி பட்டத்துக்கு ஆசைப்படுகிறான். அந்த ஆசையின் ஆபத்து நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

பின்னாளில் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த ஒரு படத்தை இரண்டாகக் கிழித்தார்கள். சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு 2022 டிசம்பரில் நாய் சேகர் ரிட்டர்ன்ஸ் வந்தது. அதே சுராஜ், அதே வடிவேலு. பணக்காரர்களின் நாய்களைக் கடத்திப் பணம் பறிக்கிற ஆளாக நாய் சேகர். கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு 2023 ஜூனில் தலைநகரம் 2 வந்தது. சுந்தர் சி. இருந்தார், இயக்கம் வி.இசட். துரை, வடிவேலு இல்லை, ரத்தம் தாராளமாக இருந்தது. ஒன்றில் பயமே இல்லை, மற்றதில் சிரிப்பே இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நின்றவை என்பதை யாரும் யோசிக்கவில்லை. நாயைக் கடத்தினவனுக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று பார்க்கிறவன் நினைத்துவிட்டால், அதற்கப்புறம் வடிவேலு எத்தனை விதமாக முகத்தைக் காட்டினாலும் அது தனித்தனித் துணுக்காகத்தான் நிற்கும்.

ரிட்டர்ன்ஸ் வந்த சமயத்தில் எங்கள் பக்கம் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பெரியவர்கள், பேரப்பிள்ளைகள், எல்லோரும். நீண்ட இடைவெளிக்குப் பின் அந்த மனிதர் திரும்பி வருகிறார் என்ற பாசம். அவர் திரையில் தோன்றியதுமே, எதுவும் செய்வதற்கு முன்பே சிரித்தார்கள். அரை மணி நேரம் போனது, சிரிக்கலாம் என்று தயாராக இருந்த முகங்கள் அப்படியே காத்திருந்தன. அந்த முகங்களைப் பார்க்க எனக்கு மனசு வலித்தது. அவருக்கு நல்ல கதை கொடுத்திருக்க வேண்டும்.

நம் ஊர்ப் பக்கம் ஒரு உதாரணம் சொல்கிறேன். இதைச் சிலர் குற்ற நகைச்சுவை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அரசியல் நையாண்டி என்பார்கள். என்னைக் கேட்டால் தமிழில் வந்த மிகச் சிறந்த அயோக்கியன் கதை 1994-ல் வந்த அமைதிப்படைதான். சூலூர் மணிவண்ணனும் கோயம்புத்தூர் சத்யராஜும் சேர்ந்தால் வருகிற அந்தக் குசும்பு வேறு யாருக்கும் வராது. கேட்கிறவனுக்கு மரியாதை குறையாமல், முகத்தில் ஒரு கோடு அசையாமல், ஆளைத் தோலுரித்துவிடுகிற பேச்சு அது. கொங்குச் சீமையில் எந்த டீக்கடையில் நின்றாலும் கேட்கலாம்.

ஓட்டு எண்ணும் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். கோயிலில் தேங்காய் பொறுக்கிக் கிடந்த அமாவாசை நாற்காலியின் நுனியில், முழு உடம்பையும் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் அவனைத் தேர்தலில் நிறுத்திய மணிவண்ணன் சாவகாசமாக இருக்கிறார். ஓட்டு நிலவரம் ஒவ்வொன்றாக வருகிறது. ஒவ்வொரு அறிவிப்புக்கும் சத்யராஜின் முதுகு கொஞ்சம் பின்னால் சாய்கிறது, கால் கொஞ்சம் நீள்கிறது, தோள் விரிகிறது. மணிவண்ணன் ஓரக்கண்ணால் பார்க்கிறார், அவருடைய உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது. முடிவு வரும்போது அமாவாசை நாற்காலி நிறைய உட்கார்ந்திருக்கிறான், அவர் எழுந்து நிற்கிறார். பத்துப் பக்க வசனம் எழுதினாலும் இதைச் சொல்ல முடியாது. ஒரு மனிதன் நம் கண் முன்னாலேயே அயோக்கியன் ஆவதை இரண்டு நடிகர்கள் உட்கார்ந்த இடத்திலேயே காட்டிவிட்டார்கள்.

இப்போது 2013-ல் வந்த அதன் தொடர்ச்சியை நினைத்துப் பாருங்கள். தலைப்பே நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ. அமாவாசை பின்னால் வைத்துக்கொண்ட பெயர் அது. ஆள் ஏற்கெனவே மேலே இருக்கிறான். அமாவாசை ஏறுவதைப் பார்ப்பதுதான் சுகம், ஏறிமுடித்தவன் பெரிய நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்பதில் அந்தச் சுகம் இல்லை. காடு, மலைவாழ் மக்கள், நிலப் பறிப்பு என்று மணிவண்ணன் எடுத்துக்கொண்ட விஷயம் கனமானது, அவர் நெஞ்சிலிருந்து வந்தது. ஆனால் அந்தக் கனம் குசும்பை அழுத்திவிட்டது. அவர் இயக்கிய 50-வது படம் அது. மே 10-ல் வெளியானது, ஜூன் 15-ல் அவர் போய்விட்டார். அந்தப் படத்தைப் பற்றி நான் கடுமையாகப் பேச மாட்டேன். அதிலும் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிற இடங்களில் அந்தப் பழைய தாளம் தலைகாட்டும். அதற்காகவே ஒருமுறை பார்க்கலாம்.

தெரிந்தும் ஏன் எடுக்கிறார்கள் என்றால், வியாபாரம். கோவை ஏரியா என்று சினிமாக்காரர்கள் சொல்வது கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரியைச் சேர்த்து. புது இயக்குநர் புதுத் தலைப்போடு வந்தால் இந்த ஏரியாவை எம்.ஜி. (மினிமம் கேரண்டி, படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தருகிற குறைந்தபட்சத் தொகை) போட்டு வாங்க ஆள் யோசிப்பார்கள். ‘சூது கவ்வும் 2’ என்று போஸ்டர் அடித்தால் தியேட்டர்க்காரனிலிருந்து ஓ.டி.டி. காரன் வரை எல்லோருக்கும் என்ன படம் என்று புரிகிறது. முதல் நாள் கூட்டத்துக்குத் தலைப்பே விளம்பரம். அதற்கப்புறம் படம்தான் நிற்க வேண்டும்.

உங்கள் ஊர் பெருந்துறை என்பதால் சதுரங்க வேட்டை பற்றியும் ஒரு வார்த்தை. 2012-ல் ஈமு கோழி மோசடி வெடித்தபோது உங்கள் பக்கம் எத்தனை குடும்பம் பணத்தைத் தொலைத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன்னால் 2009-ல் திருப்பூரில் கரன்சி வியாபாரம் என்று சொல்லி ஏமாற்றிய வழக்கு, 2022-ல்தான் 27 ஆண்டு சிறைத் தண்டனையில் முடிந்தது. அதனால் 2014-ல் எச். வினோத்தின் அந்தப் படம் வந்தபோது நம் ஜனங்கள் அதைச் சிரித்துக்கொண்டே, வயிற்றைப் பிடித்துக்கொண்டும் பார்த்தார்கள். மண்ணுளிப் பாம்பை விற்கிற காந்தி பாபு தொழில் தெரிந்தவன், அங்கே தெரியாமை நம்முடையது. ஏமாற்று எப்படி நடக்கிறது என்று நாம் கற்றுக்கொள்வதுதான் படத்தின் ருசி. அதற்கும் இரண்டாம் பாகம் எடுக்கத் தொடங்கினார்கள், அரவிந்த்சாமி, த்ரிஷா நடித்தார்கள், படம் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. பார்க்காத படத்தைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் சூட்சுமம் தெரிந்துவிட்ட ஜனங்களை மறுபடி ஏமாற்றுவது எந்த எழுத்தாளனுக்கும் பெரிய சோதனை.

வெளியூர்க்காரர்களும் இதே பள்ளத்தில்தான் விழுந்திருக்கிறார்கள். 2004-ல் வந்த ஓஷன்ஸ் ட்வெல்வ் படத்தில் ஜூலியா ராபர்ட்ஸ் நடிக்கிற பாத்திரம், ஜூலியா ராபர்ட்ஸ் போல வேஷம் போட்டு ஏமாற்றப் பார்க்கும். நடிகர்களுக்கு அது கொண்டாட்டம்தான். ஆனால் அந்த நிமிடத்தில் கொள்ளையாவது மண்ணாவது, நாம் நட்சத்திரங்களின் விருந்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று ஆகிவிடுகிறது. இந்தியில் 2005-ல் வந்த பன்ட்டி அவுர் பப்ளி, சின்ன ஊரிலிருந்து பெரிய கனவோடு ஓடி வந்த இரண்டு பேருடைய கதை. 2021-ல் வந்த இரண்டாம் பாகத்தில் ஓடி வர வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை.

தேறினவை இருக்கின்றன. லகே ரஹோ முன்னாபாய் 2006-ல் வந்தது. அதன் முதல் பாகத்தைத்தான் தமிழில் வசூல்ராஜாவாக எடுத்தார்கள், இரண்டாம் பாகத்தைத் தமிழுக்குக் கொண்டுவரவில்லை. முதல் படத்தில் மருத்துவம் தெரியாமல் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்த ரவுடி, இரண்டாவதில் காந்தியைப் பற்றி ஒன்றும் தெரியாமல் பேராசிரியர் வேஷம் போடுகிறான். பழைய தெரியாமை தீர்ந்ததும் எழுதினவர்கள் புதுத் தெரியாமை ஒன்றைத் தேடிக் கொடுத்துவிட்டார்கள். கார்த்திக் சுப்புராஜ் வேறு வழியில் போனார். 2014 ஜிகர்தண்டாவின் ஆட்களை விட்டுவிட்டு, ரவுடியை வைத்துப் படம் எடுப்பது என்ற அந்த ஒரு யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு, 1970-களுக்குப் போய் 2023-ல் ஜிகர்தண்டா டபுள் எக்ஸ் எடுத்தார். இதில் வரும் ரவுடி அல்லியன் சீசருக்கு, முதல் படத்து ரவுடி அசால்ட் சேதுவைத் தெரியவே தெரியாது. அதனால் நாமும் பழசைத் தேடவில்லை.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு வாளையார் தாண்டினால் மலையாளம் என்பதால் அந்தப் படங்கள் நமக்கு அந்நியமில்லை. 2015-ல் வந்த ஆடு தியேட்டரில் ஓடவில்லை, பிறகு வீட்டில் பார்த்துப் பார்த்தே ஜனங்கள் அதன் நாயகன் ஷாஜி பாப்பனைக் கொண்டாடினார்கள், 2017-ல் ஆடு 2 பெரிய வெற்றி. பாப்பனும் கூட்டாளிகளும் முதல் பாகத்தில் ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லை, கையில் காசும் நிற்கவில்லை. அதுவே அவர்களுக்குப் பலம்.

எனக்கு மிகப் பிடித்தது மலையாளத்தில் சித்திக்–லால் இரட்டையர் எழுதியவை. 1989-ல் ராம்ஜிராவ் ஸ்பீக்கிங். டெலிபோன் டைரக்டரியில் நம்பர் மாறிப்போனதால் கடத்தல்காரன் தவறான வீட்டுக்குப் போன் செய்வான், அதை எடுப்பவர்கள் காசுக்கு வழியில்லாத மூன்று பேர். ஃபாசில் இயக்கத்தில் 1990-ல் அரங்கேற்ற வேளையாகத் தமிழுக்கு வந்ததும், இந்தியில் 2000-ல் ஹேரா பேரி ஆனதும் இதே கதைதான். 1995-ல் மன்னார் மத்தாய் ஸ்பீக்கிங் வந்தது. அதே மூன்று பேர் இப்போது நாடகக் கம்பெனி நடத்துகிறார்கள், ஒரு பெண் வந்து சேர்கிறாள், கொலைப் பழியில் போய் மாட்டுகிறார்கள். பழைய போன் குழப்பத்தையே திரும்பச் சொல்லவில்லை. மத்தாயாக நடித்த இன்னசென்ட்டின் பயம் மட்டும் புதிதாக, முதல் தடவை பயப்படுகிறவன் பயம் மாதிரியே இருக்கும். 2014-ல் மறுபடி ஒரு பாகம் எடுத்தார்கள், அதை நீங்கள் விட்டுவிடலாம்.

ஆகவே தம்பி, நொந்துபோன மனசுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை ராம்ஜிராவையும் மத்தாயையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். மொழி இடறினால் முதலில் அரங்கேற்ற வேளை பாருங்கள், கதை பிடிபட்டுவிடும். இரண்டாவது படத்தில் மத்தாய் எந்த இடத்தில் முதல்முறையாக வாயடைத்துப் போகிறார் என்று கவனித்து எனக்குச் சொல்லுங்கள், அந்த இடத்தைப் பற்றி உங்களோடு இன்னும் பேச வேண்டியிருக்கிறது.